வலிப்பு வரும் குழந்தைகளுக்கு மூளைப் படமெடுப்பு: பெற்றோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

மூளையைப் படமெடுக்கும் கருவிகள் பெருகியிருக்கின்றன; அவற்றோடு பெற்றோரின் குழப்பமும் பெருகியிருக்கிறது. எந்தப் படம், எந்த வயதில், எதைத் தெரிந்துகொள்வதற்காக என்ற மூன்றும் தெளிவாக இருந்தால்தான் ஸ்கேனால் பயன் கிடைக்கும். கீழே உள்ளவை பொதுவான விளக்கங்களே. குழந்தையை நேரில் பார்த்த மருத்துவரின் சொல்லுக்கு இவை மாற்று ஆகா.

காய்ச்சலின்போது ஒருமுறை வலிப்பு வந்தது. உடனே எம்.ஆர்.ஐ. எடுக்க வேண்டாமா?

பெரும்பாலும் வேண்டியதில்லை. 6 மாதம் முதல் 5 வயது வரையுள்ள, மற்றபடி நலமாக இருக்கும் குழந்தைக்குக் காய்ச்சலோடு உடல் முழுவதும் வலிப்பு வந்து, அது 15 நிமிடத்துக்குள் நின்று, 24 மணி நேரத்துக்குள் மறுபடியும் வராமல் இருந்தால் அதை எளிய காய்ச்சல் வலிப்பு என்பார்கள். வீடுகளில் ஜன்னி என்று சொல்லி அஞ்சுவது பெரும்பாலும் இதைத்தான். இதற்காக எடுக்கும் ஸ்கேன் சிகிச்சையை மாற்றுவதில்லை. குழந்தைக்குத் தூக்க மருந்து கொடுத்ததும் செலவு செய்ததுமே மிச்சம். ஆனால் கழுத்து விறைப்பு, ஓயாத வாந்தி, வலிப்பு நின்று நெடுநேரமாகியும் தெளியாத நினைவு, ஒரு பக்கக் கை கால் மட்டும் வலுவிழத்தல் ஆகியவற்றில் ஏதேனும் இருந்தால் காத்திருக்கக் கூடாது. மூளைக் காய்ச்சலைத் தேடும் சோதனைகளை உடனே தொடங்கிவிடுவார்கள்.

அப்படியானால் எந்தக் குழந்தைக்குக் கட்டாயம் எடுக்க வேண்டும்?

வலிப்பு உடலின் ஒரு பக்கத்தில் தொடங்கினால், காய்ச்சல் இல்லாமல் 2 வயதுக்கு முன்பே தொடங்கினால், பேச்சோ நடையோ பின்தங்கினால் அல்லது கற்றதைக் குழந்தை மறந்தால், மருத்துவர் பரிசோதிக்கும்போது நரம்பியல் குறைபாடு தென்பட்டால், மருந்து சரியாகக் கொடுத்தும் வலிப்பு நிற்காவிட்டால், எம்.ஆர்.ஐ. எடுத்தே ஆக வேண்டும். கைக்குழந்தை திடீர் திடீரெனக் கும்பிடுவது போலக் குனிந்து கைகளை விரிக்கும் வெஸ்ட் நோய்க்குறியும் இந்த வகையைச் சேர்ந்ததுதான். அதை வயிற்றுவலி என்றெண்ணி வாரக்கணக்கில் தள்ளிப்போடுவது நிகழ்ந்துகொண்டே இருக்கிறது.

மறுபுறம், சில நொடி வெறித்துப் பார்த்துவிட்டு விளையாட்டைத் தொடரும் சிறுவயது ஆப்சென்ஸ் வலிப்பு, தூக்கத்தில் வாயோரம் துடிக்கும் ரோலாண்டிக் வலிப்பு போன்றவை, அறிகுறிகளும் இ.இ.ஜி. என்னும் மூளை மின்னலைப் பதிவும் ஒன்றோடொன்று பொருந்தி, மருந்துக்கும் கட்டுப்பட்டால், எம்.ஆர்.ஐ. இல்லாமலே சிகிச்சை பெறலாம்.

அவசரப் பிரிவில் சி.டி. எடுத்தாகிவிட்டது. மறுபடியும் எம்.ஆர்.ஐ. எதற்கு?

சி.டி. சில நிமிடங்களில் முடிந்துவிடும். தலையில் இரத்தம் கசிந்திருக்கிறதா, மூளை வீங்கியிருக்கிறதா, நீர் கோத்திருக்கிறதா என்ற கேள்விகளுக்கு நள்ளிரவிலும் அது பதில் சொல்லும். சுண்ணாம்புப் படிவை எம்.ஆர்.ஐ.யை விடத் தெளிவாகவும் காட்டும். ஆனால் மூளையின் மேலடுக்கான புறணியின் நுண்ணிய பிறவிக் கோளாறுகளையும் ஹிப்போகேம்பஸ் என்னும் நினைவுப் பகுதியின் சுருக்கத்தையும் அது பெரும்பாலும் தவறவிடும். எக்ஸ்-ரே கதிர்வீச்சும் உண்டு. தலைக்கு ஒருமுறை எடுக்கும் சி.டி.யில் சேரும் அளவு, ஏறக்குறைய ஓராண்டில் இயற்கைச் சூழலிலிருந்து நம் உடல் பெறும் அளவை நெருங்கியது. தேவைப்பட்டபோது எடுத்ததற்காக வருந்த வேண்டாம். ஒவ்வொரு வலிப்புக்கும் சி.டி. எடுப்பதுதான் தவறு.

இந்தியாவில் சி.டி.க்குத் தனியொரு கதை உண்டு. வலிப்போடு வந்த பலருடைய சி.டி.யில் மோதிரம் போன்ற சிறு புள்ளியொன்று தென்படும். காசநோய்க் கட்டி என்று கருதிப் பலருக்கு மாதக்கணக்கில் காசநோய் மருந்து கொடுக்கப்பட்டு வந்த காலத்தில், வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் மேத்யூ சாண்டி, வேதாந்தம் ராஜசேகர் ஆகியோரின் குழு அத்தகைய புள்ளிகளின் திசுவை எடுத்துப் பார்த்து, அவற்றுள் பெரும்பாலானவை நாடாப்புழுவின் இளநிலைக் கட்டிகள் என்று 1980களின் இறுதியில் காட்டியது. புள்ளி 20 மி.மீ.க்குள் ஒன்றே ஒன்றாக இருந்து, மூளையை ஒருபுறம் தள்ளும் அளவுக்கு வீக்கம் இல்லாமல் இருந்தால், அது பெரும்பாலும் மாதங்களில் தானாகவே மறையக்கூடிய இந்த வகைதான் என்று கருதலாம். இந்தப் புழுவின் முட்டை மனிதக் கழிவு கலந்த நீர், காய்கறி வழியாகவும் வந்து சேரும். ஆகவே இறைச்சியே தொடாத வீட்டுக் குழந்தைக்கும் இது வருவதில் வியப்பில்லை. புள்ளி கரைந்துவிட்டதா என்று பார்க்க மறுபடியும் படம் எடுக்கச் சொல்வார்கள்.

எம்.ஆர்.ஐ. முடிவில் ‘இயல்பு’ என்று எழுதியிருக்கிறது. வலிப்போ நிற்கவில்லை. ஸ்கேன் பொய் சொல்கிறதா?

பொய் சொல்லவில்லை, கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொல்லியிருக்கிறது. தலைவலிக்கு எடுக்கும் வழக்கமான எம்.ஆர்.ஐ.யில் மூளையை 4 அல்லது 5 மி.மீ. தடிமனுள்ள துண்டங்களாகப் பார்ப்பார்கள். இரண்டு துண்டங்களுக்கு நடுவே சிறு இடைவெளியும் விடுவார்கள். வலிப்புக்குக் காரணமான கோளாறோ சில நேரம் மூளை மடிப்பொன்றின் அடியில், ஒரு கொண்டைக்கடலைக்கும் குறைவான இடத்தில் ஒளிந்திருக்கும். அதனால்தான் உலக வலிப்பு நோய் எதிர்ப்புக் கழகத்தின் படமெடுப்புக் குழு 2019இல் ஹார்னஸ் என்ற பெயரில் ஒரு முறையைப் பரிந்துரைத்தது. இடைவெளியே இல்லாமல் 1 மி.மீ. அளவில் எடுக்கும் முப்பரிமாண டி1 படம், அதே நுணுக்கத்தில் ஃபிளேர் படம், ஹிப்போகேம்பஸுக்குச் செங்குத்தாக எடுக்கும் நுண்ணிய டி2 படம் ஆகிய மூன்றும் அதன் அடிப்படை. டி1, டி2, ஃபிளேர் என்பவை ஒரே எம்.ஆர்.ஐ. எந்திரம் வெவ்வேறு விதமாக எடுக்கும் படவகைகள். மருத்துவமனைகளில் இதை ‘எபிலெப்சி புரோட்டோகால்’ என்று சொல்வார்கள். சீட்டில் இந்தச் சொல் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். வெறுமனே ‘மூளை எம்.ஆர்.ஐ.’ என்று எழுதியிருந்தால், ஸ்கேன் மையத்தில் பெரும்பாலும் வழக்கமான முறையிலேயே எடுத்துத் தருவார்கள்.

மருந்துக்கு அடங்காத வலிப்புள்ள குழந்தைகளிடம் இப்படித் தேடிப் பார்க்கும்போது மிகுதியாகத் தென்படுவது ஃபோக்கல் கார்டிகல் டிஸ்பிளாசியா எனப்படும் பிறவிக் கோளாறு. கருவிலேயே புறணியின் ஒரு சிறு பகுதி ஒழுங்கின்றி வளர்ந்திருப்பதுதான் இது. புறணி சற்றே தடித்திருக்கும். சாம்பல் நிறப் பகுதிக்கும் வெண்பகுதிக்கும் இடையிலுள்ள எல்லை மை கசிந்தாற்போல் மங்கியிருக்கும். சிலவற்றில் அங்கிருந்து மூளையின் உட்குழிவை நோக்கி வால் போன்ற வெண்கீற்று ஒன்று ஓடும். எங்கே தேட வேண்டும் என்று தெரியாதவர் கண்ணுக்கு இது எளிதில் தட்டுப்படாது. ஆகவே வலிப்பு எப்படித் தொடங்குகிறது என்ற விவரமும் இ.இ.ஜி. முடிவும் படத்தைப் பார்க்கும் கதிரியல் நிபுணரின் கையில் இருக்க வேண்டும். இடது கைவிரலில் துடிப்பு தொடங்குகிறது என்ற ஒரே வரி, வலப்பக்க மூளையில் எந்த மேட்டைத் துழாவ வேண்டும் என்பதை அவருக்குச் சொல்லிவிடும்.

எனவே ‘இயல்பு’ என்ற முடிவு கிடைத்ததும் செய்ய வேண்டிய முதல் வேலை புதிய ஸ்கேன் எடுப்பதன்று. எடுத்த படத்தை வலிப்புச் சிகிச்சையில் பழகிய நிபுணரிடம் மறுபடி காட்டுவதுதான். அதற்குப் பிலிம் போதாது. முழுப் படங்களும் அடங்கிய சி.டி. தட்டையோ பென் டிரைவையோ கேட்டு வாங்குங்கள்.

3 டெஸ்லா எந்திரத்தில்தான் எடுக்க வேண்டுமா?

டெஸ்லா என்பது எந்திரத்தின் காந்த வலிமையைக் குறிக்கும் அலகு. 3 டெஸ்லா கிடைத்தால் நல்லது. ஆனால் 1.5 டெஸ்லாவில் சரியான முறையில் எடுத்து, அனுபவமுள்ளவர் பார்க்கும் படம், 3 டெஸ்லாவில் அவசரமாக எடுத்த படத்தை விட மேலானது. 7 டெஸ்லா எந்திரங்கள் உலகில் சில மையங்களில்தான் இருக்கின்றன. சிறு குழந்தைகளுக்கு அவை இன்னும் வழக்கத்துக்கு வரவில்லை.

10 மாதத்தில் எடுத்த எம்.ஆர்.ஐ.யில் ஒன்றுமில்லை என்றார்கள். 2½ வயதில் மறுபடியும் எடுக்கச் சொல்வது ஏன்?

பிறந்தபோது மூளையின் நரம்பிழைகளுக்கு மயலின் என்னும் கொழுப்புறை முழுமையாக இருப்பதில்லை. முதல் இரண்டு ஆண்டுகளில்தான் அது பின்புறத்திலிருந்து முன்புறம் நோக்கி மெல்லப் படர்கிறது. எம்.ஆர்.ஐ.யில் சாம்பல் பகுதியும் வெண்பகுதியும் வேறுபட்டுத் தெரிவது இந்த உறையால்தான். ஏறக்குறைய 6 மாதம் முதல் 24 மாதம் வரை இரண்டும் ஒரே சாயலில் தெரிவதால், எல்லைக் கோடு மங்கியிருப்பதை வைத்துக் கண்டுபிடிக்க வேண்டிய டிஸ்பிளாசியா இந்தக் காலத்தில் மறைந்துகொள்ளும். வியப்பு என்னவென்றால், அதே கோளாறு முதல் சில மாதங்களில் எடுத்த டி2 படத்தில் பளிச்சென்று தெரிந்து, ஒரு வயதில் காணாமல் போய், மூன்று வயதில் திரும்பி வந்ததும் உண்டு. ஆகவே வலிப்பு தொடரும் கைக்குழந்தைக்கு உடனே ஒருமுறையும் இரண்டு வயது கடந்தபின் மற்றொரு முறையும் படமெடுப்பது வீண்செலவு அன்று.

பிறந்த குழந்தைக்கு என்றால், உச்சிக்குழி வழியாகத் தொட்டிலருகிலேயே அல்ட்ராசவுண்ட் பார்க்கலாம். ஆனால் அது முதற்கட்டச் சோதனைதான்.

பிறந்தபோது சர்க்கரை குறைந்ததாகச் சொன்னார்கள். அதற்கும் இதற்கும் தொடர்பு உண்டா?

உண்டு. முதல் சில நாட்களில் பால் போதாமல் இரத்தச் சர்க்கரை கடுமையாகக் குறைந்த குழந்தைக்கு, மூளையின் பின்பகுதியில் இரு பக்கமும் தழும்பு விழுந்திருப்பதை எம்.ஆர்.ஐ. காட்டும். நம் நாட்டில் கைக்குழந்தை வலிப்புக்கு இது ஒரு முக்கியக் காரணம். பிறந்ததும் அழாத குழந்தைகளின் படத்தில் தழும்பு வேறு விதமாக அமையும். ஆகவே பிரசவ மருத்துவமனையின் சீட்டைத் தூக்கி எறியாதீர்கள். படத்தைப் படிப்பவருக்கு அது பெரும் துணை.

குழந்தை அசையாமல் படுக்காதே! தூக்க மருந்தும் மயக்க மருந்தும் பாதுகாப்பானவையா?

வலிப்புக்கான முழுமையான எம்.ஆர்.ஐ.க்கு 30 முதல் 45 நிமிடம் வரை ஆகும். நடுவில் தலை சற்றே அசைந்தாலும் அந்தப் படம் கெட்டுவிடும். 3 மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு வயிறு நிறையப் பால் கொடுத்து, துணியில் இறுகச் சுற்றித் தூங்க வைத்தே பல இடங்களில் எடுத்துவிடுகிறார்கள். ஆறேழு வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளில் பலர், முன்கூட்டியே எந்திரத்தின் ஓசையைக் கேட்கச் செய்து பழக்கினால் மருந்தில்லாமலே ஒத்துழைப்பார்கள். இடைப்பட்ட வயதினருக்குத்தான் மருந்து தேவைப்படுகிறது. மயக்கவியல் மருத்துவர் உடனிருந்து, மூச்சையும் நாடித் துடிப்பையும் ஆக்சிஜன் அளவையும் கருவியில் பார்த்துக்கொண்டே இருந்தால் ஆபத்து மிகக் குறைவு. அந்த ஏற்பாடு இல்லாத இடத்தில், மருந்து கொடுத்தும் தூங்காத குழந்தைக்கு மேலும் மேலும் சிரப் ஊற்றுவதை ஏற்காதீர்கள்.

பொதுவாக, திட உணவும் பசும்பாலும் 6 மணி நேரத்துக்கு முன்பும், தாய்ப்பால் 4 மணி நேரத்துக்கு முன்பும் நிறுத்தப்பட வேண்டும். தண்ணீரை எப்போது நிறுத்துவது என்று மருத்துவமனையில் சொல்வார்கள். வலிப்பு மாத்திரையை மட்டும் அன்றைக்கு நிறுத்தக் கூடாது; இரண்டு வாய்த் தண்ணீரோடு எப்படிக் கொடுப்பது என்று கேட்டுக்கொள்ளுங்கள். வெறும் வயிற்றோடு மருந்தையும் விட்டுவிட்டு வந்து, ஸ்கேன் அறை வாசலிலேயே குழந்தைக்கு வலிப்பு வந்துவிடுவது தவிர்க்கக்கூடியதுதான்.

எம்.ஆர்.ஐ. எந்திரம் பெரிய காந்தம் என்பதால் அரைஞாண், தாயத்து, கொலுசு, காதணி, ஊக்கு அனைத்தையும் கழற்றிவிட வேண்டும். கறுப்புக் கயிற்றில் கோத்த இரும்புத் துண்டு சட்டைக்குள் மறைந்திருப்பதுண்டு. உடன் செல்லும் அம்மாவின் ஊக்குகளும் அப்படியே. செவியில் காக்ளியர் கருவியோ நரம்பு தூண்டும் கருவியோ பொருத்தியிருந்தால் முன்பே சொல்ல வேண்டும். தலைநீரை வடிக்கும் குழாயின் வால்வு வெளியிலிருந்து காந்தத்தால் திருத்தக்கூடிய வகையாக இருந்தால், ஸ்கேன் முடிந்ததும் அதன் அளவைச் சரிபார்க்க வேண்டும்.

கான்ட்ராஸ்ட் ஊசி கட்டாயமா?

இல்லை. படத்தில் சில பகுதிகளை எடுப்பாகக் காட்டுவதற்கான இந்த ஊசி, புறணிக் கோளாறுகளைத் தேடுவதற்குத் தேவையில்லை. தொற்று, கட்டி, முகத்தில் செம்மச்சத்தோடு வரும் ஸ்டர்ஜ்-வெபர் நோய் போன்ற ஐயம் இருந்தால் போடுவார்கள்.

ஸ்கேனில் ஏதோ வெண்மை தெரிகிறது. சில மாதங்கள் கழித்துப் பார்ப்போம் என்கிறார்கள். காத்திருக்கலாமா?

காத்திருப்பதற்குக் காரணம் உண்டு. நெடுநேரம் நீடித்த வலிப்புக்குப் பிறகு, அதன் விளைவாகவே மூளையில் தற்காலிக வீக்கம் தோன்றி, பின் மறையும். வெஸ்ட் நோய்க்குறிக்குக் கொடுக்கும் விகாபாட்ரின் என்ற மருந்தும் சில கைக்குழந்தைகளின் மூளை ஆழ்பகுதிகளில் வெண்மை தெரியச் செய்யும். மருந்தைக் குறைத்தாலோ நிறுத்தினாலோ அது பெரும்பாலும் மறைந்துவிடும். குழந்தை சாப்பிடும் மருந்துகளின் பட்டியலை ஸ்கேன் சீட்டில் எழுதச் சொல்வது இதற்காகத்தான்.

பெட் ஸ்கேன் புற்றுநோய்க்கு எடுப்பதல்லவா? எங்கள் பிள்ளைக்கு எதற்கு?

இந்தக் கேள்வியோடு வரும் பெற்றோரின் முகத்தில் இருக்கும் அச்சத்தைப் போக்குவதுதான் முதல் வேலை. பெட் ஸ்கேனில் கதிரியக்கம் சேர்த்த ஒருவகைச் சர்க்கரையை மிகச் சிறிய அளவில் ஊசி வழியே செலுத்துவார்கள். புற்றுக்கட்டி சர்க்கரையை மிகுதியாக உண்ணும். வலிப்புக்கு ஊற்றுக்கண்ணான மூளைப் பகுதியோ, வலிப்பு இல்லாத வேளையில் சோம்பிக் கிடந்து குறைவாக உண்ணும். படத்தில் மங்கலாகத் தெரியும் அந்த இடத்தை எம்.ஆர்.ஐ.யின் மேல் பொருத்திப் பார்த்தால், முன்பு கண்ணில் படாத டிஸ்பிளாசியா சில நேரம் பிடிபடும். 1990இல் லாஸ் ஏஞ்சல்ஸ் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் ஹாரி சுகானியும் உடன் பணியாற்றியோரும், காரணம் தெரியாத வெஸ்ட் நோய்க்குறிக் குழந்தைகள் சிலரிடம் பெட் ஸ்கேன் காட்டிய இடத்தை அறுவைச் சிகிச்சையால் அகற்றலாம் என்று காட்டியது இத்துறையில் திருப்புமுனை.

கதிரியக்கப் பொருளின் வீரியம் சுமார் 110 நிமிடத்துக்கு ஒருமுறை பாதியாகும். மறுநாளைக்குள் பெரும்பாலும் தீர்ந்துவிடும். ஊசி போட்டபின் குழந்தை அமைதியான, மங்கிய வெளிச்சமுள்ள அறையில் இருக்க வேண்டும். அந்நேரத்தில் வலிப்பு வந்தால் சோம்பிக் கிடக்க வேண்டிய இடம் சுறுசுறுப்பாகி, படம் தலைகீழாகிவிடும், ஆகவே இ.இ.ஜி.யும் உடன் ஓடுவது நல்லது. கொழுப்பு மிகுந்த, மாவுச்சத்து குறைந்த கீட்டோஜெனிக் உணவில் குழந்தை இருந்தால் முன்பே தெரிவியுங்கள்.

ஸ்பெக்ட் என்பது என்ன?

வலிப்பு தொடங்கும் அந்தக் கணத்தில் மூளையின் எந்தப் பகுதிக்கு இரத்தம் பாய்கிறது என்பதைப் பிடித்து வைக்கும் உத்தி அது. டெக்னீஷியம் என்னும் கதிரியக்கப் பொருள் கலந்த மருந்தைத் தயாராக வைத்துக்கொண்டு செவிலியர் கட்டிலருகே காத்திருப்பார். வலிப்பு தொடங்கிய சில நொடிகளுக்குள் ஊசி ஏற வேண்டும். மருந்து மூளையில் தங்கிவிடுவதால், குழந்தை தெளிந்த பின் நிதானமாகப் படமெடுக்கலாம். வலிப்பில்லாத நாளில் எடுத்த படத்தை இதிலிருந்து கழித்து, மிச்சத்தை எம்.ஆர்.ஐ. மேல் பொருத்திப் பார்ப்பார்கள். அரை நிமிடம் பிந்தினாலும் வலிப்பு பரவிச் சென்ற இடத்தைத்தான் படம் காட்டும். தொடங்கிய இடத்தை அல்ல. குறைந்த நேரமே நீடிக்கும் வலிப்புகளுக்கு இது அவ்வளவாகப் பொருந்தாது.

எம்.இ.ஜி. சோதனைக்குப் பெங்களூர் போகச் சொல்கிறார்கள். போகத்தான் வேண்டுமா?

நரம்பணுக்களில் மின்னோட்டம் எழும்போது மிக நுண்ணிய காந்தப்புலமும் எழுகிறது. பூமியின் காந்தப்புலத்தை விடப் பல கோடி மடங்கு நலிந்த அதை அளப்பதுதான் எம்.இ.ஜி. அமெரிக்காவில் டேவிட் கோஹன் 1968இல் இதை முதன்முதலாக அளந்தார். மண்டையோடு மின்னலைகளைக் குழப்புவது போலக் காந்தப்புலத்தைக் குழப்புவதில்லை என்பதால், புறணியில் வலிப்புப் பொறி எழும் இடத்தை இ.இ.ஜி.யை விடத் துல்லியமாகக் குறிக்க முடியும். மூளையின் ஆழத்தில் எழுவதை அறிவதில் அது பின்தங்கும். ஊசி இல்லை, கதிர்வீச்சும் இல்லை. ஆனால் உணர்விகளைத் திரவ ஹீலியத்தில் −269 டிகிரி செல்சியஸில் வைக்க வேண்டும். காந்தத் தடுப்பு அறையும் வேண்டும். அதனால்தான் இந்தியாவில் பெங்களூர் நிம்ஹான்ஸ் மருத்துவமனை போன்ற ஓரிரு இடங்களில் மட்டும் இருக்கிறது. எம்.ஆர்.ஐ.யில் ஒன்றும் தெரியாமலோ, ஒன்றுக்கு மேற்பட்ட கோளாறுகள் தெரிந்து எது காரணம் என்று புரியாமலோ, அறுவைச் சிகிச்சையைப் பற்றி எண்ணும் நிலையில் இருந்தால் பயணம் பயனுள்ளது. மற்றவர்களுக்கு வேண்டாம்.

கணினியே கோளாறைக் கண்டுபிடிக்கிறது என்கிறார்களே?

ஓரளவுக்கு. லண்டனை மையமாகக் கொண்டு பல நாட்டு மருத்துவமனைகளின் படங்களைத் திரட்டிய மெல்ட் திட்டம் 2025இல் வெளியிட்ட மென்பொருள், கதிரியல் நிபுணர்கள் தவறவிட்ட டிஸ்பிளாசியாக்களில் 64 விழுக்காட்டைக் கண்டுபிடித்தது. ஆனால் கோளாறே இல்லாத இடத்தையும் அது சில நேரம் சுட்டிக்காட்டும். இங்கே பார் என்று விரல் நீட்டும் உதவியாளராகவே அதைக் கருத வேண்டும். 1 மி.மீ. முப்பரிமாணப் படம் இல்லாவிட்டால் அந்த உதவியாளராலும் சரியாகப் பார்க்க முடியாது.

இவ்வளவு சோதனைகளும் அறுவைச் சிகிச்சையில்தான் போய் முடியுமா?

எம்.ஆர்.ஐ.யைத் தாண்டிய சோதனைகள் பெரும்பாலும் அதை முன்னிட்டவையே. இதை முதலிலேயே வெளிப்படையாகச் சொல்லிவிடுவது நேர்மை. சரியாகத் தேர்ந்தெடுத்த இரண்டு மருந்துகளைப் போதிய அளவில் கொடுத்தும் வலிப்பு நிற்காவிட்டால் அதை மருந்துக்கு அடங்காத வலிப்பு என்று 2010இல் வரையறுத்தார்கள். மூன்றாவது, நான்காவது மருந்தால் முழுமையாக நிற்கும் வாய்ப்பு குறைவு. புது தில்லி எய்ம்ஸில் 18 வயதுக்கு உட்பட்ட 116 பேரைக் குலுக்கல் முறையில் இரு பிரிவாக்கி நடத்திய ஆய்வு 2017இல் வெளியானது. ஓராண்டு முடிவில் அறுவைச் சிகிச்சை பெற்றோரில் 77 விழுக்காட்டினரும், மருந்து மட்டும் பெற்றோரில் 7 விழுக்காட்டினரும் வலிப்பின்றி இருந்தனர். அறுவைச் சிகிச்சை பெற்றவர்களில் மூன்றில் ஒருவருக்குக் கடுமையான பாதிப்பும் நேர்ந்தது. அவற்றுள் பெரும்பாலானவை ஒருபக்கக் கை கால் தளர்ச்சி. இரண்டு எண்களையும் சேர்த்தே எடைபோட வேண்டும்.

அந்தப் பாதிப்பைக் குறைக்கத்தான் வேறு சில படங்கள் இருக்கின்றன. பிள்ளை விரலசைக்கும்போதும் மனத்துக்குள் சொற்களைத் தேடும்போதும் எந்தப் பகுதி வேலை செய்கிறது என்பதைச் செயல்பாட்டு எம்.ஆர்.ஐ. காட்டும், பேச்சு, பார்வை, கை கால் அசைவுக்கான நரம்புப் பாதைகளை டிராக்டோகிராபி வரைந்து காட்டும். நம் பகுதிக்கு இந்த அறுவைச் சிகிச்சை புதியதும் அன்று: வேலூரில் ஜேக்கப் சாண்டி 1952இலேயே செய்தார்; திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனத்தில் 1995 முதல் தனித் திட்டமாகவே நடந்துவருகிறது.

எல்லாம் எடுத்தும் ஒன்றும் தெரியாவிட்டால்?

படத்தில் தெரியாத காரணங்களும் உண்டு. மரபணுக் கோளாறு அவற்றுள் முதன்மையானது. தடுப்பூசிக்குப் பின் காய்ச்சலோடு தொடங்கி நெடுநேரம் நீடிக்கும் வலிப்பாக வெளிப்படக்கூடிய டிராவே நோய்க்குறியில் எம்.ஆர்.ஐ. தொடக்கத்தில் இயல்பாகவே இருக்கும். இரத்தத்தில் செய்யும் மரபணுச் சோதனைதான் விடை தரும். நோய் தடுப்பூசியால் வந்ததன்று, பிறவியிலேயே இருந்தது என்பதும் அதனால் உறுதிப்படும். மறுபுறம், சோதனைகள் ஓரிடத்தை ஏறத்தாழச் சுட்டினாலும் உறுதியாகச் சொல்ல முடியாதபோது, மூளைக்குள்ளேயே மெல்லிய மின்முனைகளைச் செலுத்திப் பதிவு செய்யும் ஸ்டீரியோ இ.இ.ஜி. என்ற வழி இருக்கிறது.

பழைய சி.டி. தட்டுகளையும் பதிவுகளையும் எவ்வளவு காலம் வைத்திருக்க வேண்டும்?

பிள்ளை வளர்ந்து பெரியவராகும் வரை வைத்திருங்கள். கைப்பேசியில் எடுத்த வலிப்புக் காணொளிகளையும் தேதியிட்டு உடன் வையுங்கள். முகம், இரு கைகள், இரு கால்கள் எல்லாம் தெரியும்படி, போர்வையை விலக்கி, தொடக்கம் முதல் எடுத்திருந்தால் அது சில நேரம் ஒரு ஸ்கேனுக்கே ஈடாகும். தட்டுகள் கீறிப் படிக்க முடியாமல் போவதால் பென் டிரைவிலும் ஒரு படி எடுத்துக்கொள்ளுங்கள். நான்காம் மாதத்தில் எடுத்து, ‘இயல்பு’ என்று உறையில் எழுதி, அலமாரியில் போட்ட தட்டைத்தான் ஐந்தாம் வயதில் அறுவைச் சிகிச்சைக் குழு முதலில் கேட்கக்கூடும்.